தொடாத இடத்தில் ‘படுது’ என்றேன்

“கண்ணை நல்லா மூடிக்குங்க சார். படுதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, போதும்.”

பரிசோதனைக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். காலுறை கழற்றிய பாதங்கள் இரண்டும் விளிம்புக்கு வெளியே நின்றன. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பாதங்களைப் பார்ப்பது மட்டுமே அவருடைய வேலை. கையில் பேனா அளவுக்கு ஒரு பிடி, அதன் நுனியில் விறைப்பாக ஒரு நைலான் இழை. தூண்டிலில் கட்டுவார்களே நரம்பு, அதன் துண்டு போல இருந்தது. முதலில் என் முன்கையில் அழுத்திக் காட்டினார். இழை வில்லாக வளைந்தது. “இவ்வளவுதான். ஊசி கிடையாது, பயப்படாதீங்க.”

கண்ணை மூடிக்கொண்டேன்.

“இப்ப படுதா?”

“படுது.”

“இப்ப?”

“ம், படுது.”

நாலைந்து முறை ஆனதும் எனக்கு ஒரு தாளம் பிடிபட்டுவிட்டது. அவர் கேட்பார், ஒரு நொடி இடைவெளி, நான் சொல்வேன். வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையன் மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால், பெருவிரலில் ஏதோ லேசாக உரசியது போல இருந்தது. மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் ‘இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை.

“இப்ப படுதா?”

“படுது.”

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: “சார், நான் இன்னும் தொடவே இல்ல.”

கண்ணைத் திறந்தேன். இழை அவர் மடியில் கிடந்தது.

அன்று எனக்கு வந்த வெட்கம் சாதாரணமானதல்ல. ஐம்பத்து மூன்று வயதில் காப்பி அடித்துப் பிடிபட்டவன் போல இருந்தது. அவர் சிரிக்கவில்லை. “எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வாங்க, பாஸ் ஆகணும்னு. அதனாலதான் நடுவுல தொடாமலும் கேக்கறோம்” என்றார். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அது அவருடைய சொந்தக் குறும்பு இல்லை. சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கான சர்வதேச வழிகாட்டுதலிலேயே அந்த முறை இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்க வேண்டும். இரண்டு முறை உண்மையாகத் தொட வேண்டும், ஒரு முறை தொடாமலே கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு சரியாக இருந்தால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது என்று பொருள். கேள்வித்தாளிலேயே ஒரு பொய்க் கேள்வியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். மனிதர்களை நன்றாகத் தெரிந்த யாரோ எழுதிய விதி.

எனக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பேன். “கால் எரிச்சல், மரத்துப் போறது, எதாவது இருக்கா?” என்று தவறாமல் கேட்பார்கள். “ஒன்றும் இல்லை” என்பேன். அது பொய்யே இல்லை. எரிச்சலோ குடைச்சலோ ஊசி குத்துவது போலவோ எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அவர்கள் அடுத்த மாத்திரைக்குப் போய்விடுவார்கள், நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட யாரும் என் காலணியைக் கழற்றச் சொன்னதில்லை. நானும் கழற்றிக் காட்டியதில்லை. இதில் யார்மீது எவ்வளவு தப்பு என்று இன்னும் என்னால் பங்கு பிரிக்க முடியவில்லை.

அந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. “உங்களுக்குத் தெரியாமல் போனது எது?” என்று ஒருவரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? வலியையும் எரிச்சலையும் சொல்லலாம், அவை வந்து நிற்கும். உணர்ச்சி போவது அப்படி வந்து நிற்பதில்லை. அது நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, ஆண்டுக்கணக்கில் கழன்று போகிறது. நேற்றைய பாதத்துக்கும் இன்றைய பாதத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை எந்தத் தொந்தரவும் உணராமல் இருக்கலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால்தான் நோயாளி புகார் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள் என்கிறார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த நாளிலேயே, முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகள் ஆனதும், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு ஏன் முதல் நாளிலேயே என்றால், அது கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சத்தமில்லாமல் உடம்பில் குடியிருந்திருக்கும்.

என்னைப் பாதப் பரிசோதனைக்கு அனுப்பியது மருத்துவர் இல்லை, செருப்புதான். ஒரு நாள் மாலை வெளியே போய்விட்டு வந்து வாசலில் நின்றேன். “இன்னொரு செருப்பு எங்கே?” என்றாள் மனைவி. குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது கால் வெறுங்காலாக இருக்கிறது. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் அப்படி நடந்தேன், எதுவும் தெரியாது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, டார்ச் எடுத்து வந்து என் உள்ளங்காலைப் பார்த்தாள். குதிகாலுக்குச் சற்று மேலே ஒரு கீறல், ரத்தம் காய்ந்திருந்தது.

சரி, ஏன் எப்போதும் கால்தான் முதலில்? என் மருத்துவர் பிற்பாடு விளக்கியது எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது. பெருவிரல் நுனியின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு இழைக்கு உயிர் கொடுக்கும் செல், முதுகுத்தண்டின் அருகில் கீழ்முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஒரே இழைதான், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அந்தத் தூரம் முழுக்கச் சத்தும் சரக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரையும் கொழுப்பும் கெடுத்த உடம்பில், நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெட்டுப் போயிருக்கும்போது, கடைக்கோடிக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். நீளமான இழை முதலில் விழும். அதனால் பாதிப்பு விரல் நுனியில் ஆரம்பித்து, காலுறை போடுவது போல மேலே ஏறுகிறது. கிட்டத்தட்ட முழங்கால் உயரத்தை எட்டும்போது கைவிரல் நுனிகளும் ஆரம்பிக்கும், கையுறை போட்டது போல. இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இந்த வரைபடத்தைத் தெரிந்துகொண்டால் பரிசோதனை ஏன் எப்போதும் விரலிலிருந்து மேல்நோக்கிப் போகிறது என்பது புரியும்.

இன்னொன்றும் புரிய வேண்டும். நரம்பு என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, உள்ளே இரண்டு கூட்டம் இருக்கிறது. தடித்த இழைகள் உறை போர்த்தவை, வேகமானவை. தொடுவது, அதிர்வு, விரல் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவற்றின் வேலை. மெல்லிய இழைகள் வலி, சூடு, குளிர் ஆகியவற்றைச் சுமக்கின்றன. வியர்வை போன்ற, நாம் யோசிக்காமல் நடக்கும் காரியங்களையும் கவனிக்கின்றன. காலின் தடித்த இழையில் சேதி நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் ஓடும். உறையே இல்லாத மிக மெல்லிய இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் சுமாராக ஊர்ந்து போகும். இடித்துக்கொண்ட விரலில் முதலில் ‘பட்டது’ தெரிந்து, ஒரு கணம் கழித்து வலி வந்து சேருவதும் இதனால்தான். இரண்டு கூட்டமும் ஒன்றாகவே கெட வேண்டும் என்பதில்லை. எந்த ஒரு சோதனையும் இரண்டையும் முழுசாகப் பிடிக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதிப்படுகிறவர்களையும் அழுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த நைலான் இழைக்கு ஒரு வரலாறு உண்டு. தோலின் உணர்ச்சியை முடியால் அளந்து பார்க்கும் யோசனை 1890-களில் ஜெர்மனியின் மாக்ஸ் வான் ஃப்ரே செய்தது. வெவ்வேறு தடிமனில் குதிரை முடி முதலியவற்றைக் குச்சியில் ஒட்டி அழுத்திப் பார்த்தார். 1960-இல் ஜோசபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டீன் ஆகியோர் மூளையில் காயம்பட்டவர்களை ஆராய்ந்தபோது முடிக்குப் பதில் நைலானைப் பயன்படுத்தினார்கள். அது பாதத்துக்கு வந்து சேர்ந்த வழியில் தொழுநோய் இருக்கிறது. வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த பால் பிராண்ட், அவர்களுடைய கைகால்கள் அழுகிப் போவதற்கு நோய்க்கிருமியைவிட வலி தெரியாததே பெரிய காரணம் என்று கண்டார். வலி தெரியாதவர்கள் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பார்கள், புண்ணின் மேலேயே நடப்பார்கள். பிற்பாடு அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்தில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அதே புண்ணை, அதே காரணத்தோடு, சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அவருடைய குழு பார்த்தது. எவ்வளவு அழுத்தம் தெரிந்தால் பாதம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று தேடியதில்தான் 10 கிராம் என்ற எண் நிலைபெற்றது. இழை வளையத் தொடங்குவது அந்த அழுத்தத்தில்தான். அழுத்துபவர் எவ்வளவு பலமாக அமுக்கினாலும் இழை வளைந்து கொடுக்குமே தவிர, அழுத்தம் அதற்கு மேல் பெரிதாக ஏறாது. எளிமையான பொருள், உள்ளே நல்ல யோசனை.

ஆனால் ஒழுங்காகச் செய்தால்தான். அந்தப் பெண் என் பெருவிரலின் அடிப்பக்கத்தில், பெருவிரல் மேட்டில், சுண்டுவிரல் மேட்டில், செங்குத்தாக வைத்து, இழை வளையும்வரை அழுத்தி, ஒன்றிரண்டு நொடியில் எடுத்துவிட்டார். தடவவில்லை, தட்டவில்லை. என் பெருவிரல் மேட்டில் ஒரு காய்ப்பு இருக்கிறது, அதைத் தவிர்த்துப் பக்கத்தில் வைத்தார். காய்ப்பின்மேல் வைத்தால் யாருக்குத்தான் தெரியும்! இழைக்கும் ஓய்வு வேண்டுமாம். பத்துப் பேருக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் தளர்ந்து, 10 கிராமுக்கும் குறைவான அழுத்தத்திலேயே வளைய ஆரம்பித்துவிடும். ஒரு நாள் சும்மா வைக்க வேண்டும். மேசையின் மேல் இரண்டு மூன்று இழைகள் வரிசையாக இருந்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

இந்தச் சோதனையைப் பற்றி நான் அடித்துச் சொல்ல விரும்புவது ஒன்று. இழை பட்டது தெரிந்தால் ‘நரம்பு நன்றாக இருக்கிறது’ என்று அர்த்தம் இல்லை. பாதத்தைக் காக்கும் அளவு உணர்ச்சி இன்னும் மிச்சமிருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். தெரியவில்லை என்றால் பாதிப்பு ஏற்கெனவே வெகுதூரம் வந்துவிட்டது. ஆரம்பத்தைப் பிடிக்க விரும்பினால் கூடவே வேறு ஏதாவது செய்ய வேண்டும்: அதிர்வு, குண்டூசி நுனி, சூடு குளிர், கணுக்கால் அனிச்சை (குதிகால் நரம்பில் சுத்தியலால் தட்டினால் பாதம் தானாகத் துள்ளுவது).

இசைக்கவை, தட்டினால் அதிரும் அந்த இரட்டைக் கிளைக் கம்பி, எனக்குப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தோடு முடிந்துபோன பொருள். இங்கே அது மறுபடி வந்தது, 128 ஹெர்ட்ஸ். அந்தப் பெண் அதைத் தன் உள்ளங்கையில் தட்டி, அடிப்பாகத்தை என் பெருவிரல் நகத்துக்குச் சற்றுப் பின்னால், எலும்பு முட்டும் இடத்தில் ஊன்றினார். “அதிர்வு நிக்கும்போது சொல்லுங்க.” இடது காலில் ‘நின்றுவிட்டது’ என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் கவையை எடுத்துத் தன் கட்டைவிரல் மூட்டில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. எனக்கு நின்றுபோன அதிர்வு அவர் விரலில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதிர்வு உணர்வு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்களாம். பதினாறு எண்ணிய பிறகுதான் கவையைக் கீழே வைத்தார். அந்தப் பதினாறு நொடிதான் எனக்கு நோயைக் காட்டியது. ரத்தப் பரிசோதனைத் தாளில் எத்தனையோ எண்களைப் பார்த்திருக்கிறேன், எதுவும் அப்படி உறைத்ததில்லை. ஒரே இரும்பு, ஒரே அதிர்வு, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

அதே கவையின் குளிர்ந்த இரும்பைப் பாதத்தின் மேற்புறத்தில் படுக்க வைத்து, “ஜில்லுன்னு இருக்கா?” என்று கேட்டார். கணுக்காலுக்கு மேலே ஜில்லென்று இருந்தது, விரல்களில் வெறும் அழுத்தம். கணுக்கால் அனிச்சையை மருத்துவரே சுத்தியலால் பார்த்தார். இரண்டு பக்கமும் வரவில்லை. “வயசானவங்க சில பேருக்குச் சும்மாவே இருக்காது, அதனால இதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டேன்” என்றார். எதை நம்பலாம், எதை எவ்வளவு நம்பலாம் என்று நோயாளிக்கும் சொல்கிற மருத்துவர் கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

கடைசியாக பயோதீசியோமீட்டர். இசைக்கவையின் மின்சார அண்ணன். விரலில் ஒரு முனையை வைத்து, குமிழைத் திருகித் திருகி அதிர்வை ஏற்றுவார்கள். எப்போது தெரிகிறதோ அப்போது சொல்ல வேண்டும், அந்த வோல்ட் அளவைக் குறித்துக்கொள்வார்கள். 25 வோல்ட்டைத் தாண்டியும் தெரியாவிட்டால் பாதத்தில் புண் வரும் அபாயம் கூடுதல். எனக்கு வலதில் 28, இடதில் 31. இங்கேயும் எனக்குள் இருந்த மாணவன் விடவில்லை. முள் ஏறும் சத்தம் கேட்டதுமே ‘தெரியுது’ என்று சொல்ல நாக்கு துடித்தது. இந்த முறை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

சோதனைகளைக் கூட்டி மதிப்பெண் போடும் முறைகள் பல இருக்கின்றன. மிஷிகனில் உருவானதில் நோயாளியே நிரப்பும் 15 கேள்விகள் உண்டு. குளிக்கும்போது சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பது அதில் ஒன்று. டொராண்டோ முறையில் மொத்தம் 19 புள்ளிகள். எந்த மருத்துவர் எதைப் பயன்படுத்துகிறார் என்பதைவிட, ஒவ்வோர் ஆண்டும் அதையே பயன்படுத்துகிறாரா என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். போன ஆண்டோடு ஒப்பிட முடியாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இத்தனையும் முடிந்து, சர்க்கரையால் வந்த நரம்பு பாதிப்பு என்று மருத்துவர் எழுதப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பி12, தைராய்டு, சிறுநீரகம், ரத்தத்தில் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஒரு சோதனை. “உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, கால் மரத்திருக்கு. ரெண்டும் சேர்ந்து இருக்கறதாலேயே ஒண்ணால இன்னொண்ணு வந்ததுன்னு ஆயிடாது.” குடிப்பழக்கம் உண்டா, புற்றுநோய்க்கு மருந்து எடுத்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே கால் வளைந்து நடை மாறியதுண்டா என்றெல்லாம் கேட்டார். சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்பு என்பது மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகு மிஞ்சும் பெயர்.

எனக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த மாத்திரை நாள்பட்டு எடுக்கும்போது குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையலாம் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம்; அவ்வப்போது அளவைப் பார்க்கச் சொல்லித்தான் வழிகாட்டுதலும் இருக்கிறது. பி12 குறைவே தனியாகக் கால் மரப்பைக் கொண்டுவரும், அதோடு ரத்தச் சோகையும் நடைத் தள்ளாட்டமும் சேரலாம். என் விஷயத்தில் இரண்டும் கலந்திருக்கலாம் என்றார். பி12-ஐ ஈடுகட்டலாம், எளிது. சர்க்கரை கெடுத்ததைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாவிட்டாலும், ஈடுகட்டக்கூடியதை விட்டுவிடக் கூடாது இல்லையா? அதற்காக யாரும் மெட்ஃபார்மினைத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு அதையும் தொடரலாம்.

எப்போது சந்தேகப்பட வேண்டும் என்றும் அவரிடமே கேட்டேன். ஒரு காலில் மட்டும், அல்லது ஒரு பக்கம் மிக அதிகமாக இருந்தால். மரப்பைவிடப் பலவீனம் முந்திக்கொண்டால். வாரக்கணக்கில் வேகமாக ஏறினால். கையில் ஆரம்பித்தால். அப்போது காலுறை வரைபடம் பொருந்தவில்லை, வேறு காரணம் தேட வேண்டும். சிலவகை நரம்பு அழற்சிகளுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, ‘எல்லாம் சுகர்தான்’ என்ற ஒரே சொல்லில் அந்த வாய்ப்பைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும், அதுவும் தனி. திடீரென ஒரு தொடையில் கடும் வலி வந்து, தசை சூம்பி, எடை குறைவது இன்னொரு வகை.

நரம்பு பாதிப்பு என்றதும் எல்லாரும் கேட்பது நரம்புக் கடத்தல் சோதனையைத்தான். தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி, சிறு மின் அதிர்ச்சி கொடுத்து, சேதி எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்று அளப்பார்கள். எனக்கு அது செய்யவில்லை. கதை வழக்கமானதாக இருந்தால், கையாலேயே கண்டுபிடிக்க முடிகிறது என்றால், பெரும்பாலும் தேவையில்லை என்றார் மருத்துவர். வரைபடம் பொருந்தாதபோதுதான் அதன் உதவி.

அந்தச் சோதனையால் நொந்துபோன ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார். என் நிலைமைக்கு நேர்மாறு அவருடையது. இரவானால் கால் காந்தும். போர்வை உரசினால்கூடத் தாங்க முடியாது. பாதி ராத்திரியில் எழுந்து குளிர்ந்த தரையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நரம்புக் கடத்தல் சோதனை எடுத்தார்கள், நார்மல். “உங்க நரம்புல ஒரு கோளாறும் இல்லை, மனசை லேசா வச்சுக்குங்க” என்று ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஓராண்டு அவர் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை.

நார்மல் என்று வந்தது பொய்யில்லை. அந்தச் சோதனை அளப்பது வேகமான தடித்த இழைகளை மட்டுமே. அவருக்குக் கெட்டிருந்தது மெல்லிய இழைகள். அவற்றின் ஊர்ந்து போகும் சேதி அந்தக் கருவியின் காதில் விழுவதே இல்லை. அதற்கு வேறு வழிகள் உண்டு. கணுக்காலின் வெளிப்புறத்தில், எலும்புக்கு 10 சென்டிமீட்டர் மேலே, 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தோலைக் குடைந்து எடுத்து, அதில் மேல்தோலுக்குள் ஏறும் நரம்பு நுனிகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். கருவிழியின் நரம்புகளை, வெட்டாமல் கொள்ளாமல், தனி நுண்ணோக்கி வழியே படமெடுத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. உடம்பிலேயே நரம்பை நேராகக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் கண்தான் என்பது எனக்குப் பிடித்துப்போன செய்தி. நண்பருக்கு இதெல்லாம்கூடத் தேவைப்படவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஒரு குண்டூசியையும் குளிர்ந்த கவையையும் வைத்தே சொல்லிவிட்டார். தூக்கத்துக்கு வழி செய்தார்: டியூலாக்ஸிடின், பிரிகாபலின் போன்றவை வலியைக் குறைக்கும், நரம்பைத் திருத்தாது என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தார்.

காந்தலைப் பற்றி இன்னொன்றும் அந்த மருத்துவர் அவரிடம் சொன்னாராம். ஒரு நாள் காந்தல் தானாக நின்றுபோனால் கொண்டாடிவிடாதீர்கள், வந்து காலைக் காட்டுங்கள் என்று. குணமாகி நிற்பதும் உண்டு. கத்திக்கொண்டிருந்த இழை செத்துப்போய் நிற்பதும் உண்டு. வெளியிலிருந்து இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அவர் நிலைமை முற்றினால் என் நிலைமைக்கு வரலாம் என்று இதற்கு அர்த்தம். எதிரெதிர் என்று நினைத்திருந்த நாங்கள் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக நிற்கிறோம்.

சர்க்கரையை மிக வேகமாக இறக்கினாலும் சிலருக்குக் கடுமையான காந்தல் புதிதாக வரும். ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) மூன்று மாதத்துக்குள் இரண்டு புள்ளிகளுக்கு மேல் சடாரென்று இறங்கியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ‘கட்டுப்பாடு வந்ததும் வலி வந்துவிட்டது, மருந்துதான் காரணம்’ என்று எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்கள் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்.

கால் மட்டும்தானா? இல்லை. இதயம், குடல், மூத்திரப்பை, வியர்வை இவற்றை நடத்தும் நரம்புகளும் இதே மெல்லிய கூட்டம்தான். இதற்கான சோதனைகள் கேட்கவே வேடிக்கையாக இருக்கும். எடின்பரோவில் டேவிட் யூயிங் என்பவர் 1970-களில் ஒழுங்குபடுத்தியவை. நிமிடத்துக்கு ஆறு முறை மட்டும் ஆழமாக மூச்சு விட வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது இதயம் வேகமெடுத்து வெளியே வரும்போது தணிகிறதா என்று இ.சி.ஜி.யில் பார்ப்பார்கள். நரம்பு கெட்டவருக்கு இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிப்போய், கடிகாரம் போல ஒரே சீராக ஓடும். இதயம் சீராக ஓடுவது நல்லது என்றே நினைத்திருந்தேன்! படுத்திருந்து எழுந்து நிற்கும்போது மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20-க்கு மேல் இறங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். எழுந்ததும் கண் இருட்டுகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, மூத்திரம் முழுக்கப் போவதில்லை, ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் விறைப்பில்லை. இவற்றையெல்லாம் தனித்தனிக் குறைகளாகத் தனித்தனி மருத்துவரிடம் சொல்கிறோம், கடைசியானதைச் சொல்வதே இல்லை. மாரடைப்பேகூட வலியில்லாமல் வரலாம் என்பதும் இதே கணக்கில் சேரும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காமல் ஓட வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதம் ஒன்று திடீரென வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால். வலி பெரிதாக இருக்காது. சுளுக்கு என்றோ, யூரிக் அமிலம் என்றோ, சீழ் பிடித்திருக்கிறது என்றோ தவறாகச் சொல்லிவிட வாய்ப்பு அதிகம். முதல் எக்ஸ்ரேயும் நார்மலாக வரலாம். உள்ளே எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கிக்கொண்டிருக்கும். சார்கோ பாதம் என்று பெயர். இரண்டு பாதங்களுக்கும் இடையில் 2 டிகிரி செல்சியஸ் வெப்ப வித்தியாசம் இருந்தாலே கவனிக்க வேண்டும். வேறு காரணம் என்று நிரூபிக்கப்படும்வரை அந்தக் காலை ஊன்றவே கூடாது. நடந்தால் பாதத்தின் வளைவு இடிந்து, உள்ளங்கால் நடுவில் கீழ்நோக்கிப் புடைத்துவிடும்.

எனக்குக் கடைசியில் எழுதித் தந்தது ஒரே தாள். காக்கும் உணர்ச்சி இல்லை, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, பாத வடிவம் மாறவில்லை, இதுவரை புண் வந்ததில்லை. இந்தக் கணக்குக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதத்தைக் காட்ட வேண்டும். வடிவம் மாறியிருந்தாலோ ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதம். முன்பே புண் வந்தவர்கள் ஒன்று முதல் மூன்று மாதம். மருந்துச் சீட்டில் புதிதாக பி12 மட்டும்தான். ஆனால் வேலை நிறைய. காலணி போடும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவுகிறேன். போன மாதம் ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. முன்பென்றால் நாள் முழுக்க அதன்மேல் நடந்திருப்பேன். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். ராத்திரி மனைவி கண்ணாடியை நீட்டுவாள், உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வேன்.

என் அண்ணனுக்கு என்னைவிட ஆறு ஆண்டுகள் முன்பே சர்க்கரை. “எனக்கு ஒண்ணும் இல்லடா, கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு” என்பார். அந்தக் கல் என்ற சொல்தான் எனக்குப் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரை மடக்கி உட்கார வைத்தேன். இழையும் இல்லை, கவையும் இல்லை. இங்கிலாந்தில் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவாகி 2011-இல் வெளியான ஒரு முறைக்கு விரல் நுனி மட்டும் போதும். இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு நொடி, இறகு வைப்பது போலத் தொட வேண்டும். அழுத்தவோ தடவவோ தட்டவோ கூடாது. தெரியாவிட்டால் மறுபடி தொட்டு உதவவும் கூடாது. வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

“கண்ணை மூடிக்கோ அண்ணா. தொட்டதும் எந்தக் கால்னு மட்டும் சொல்லு.”

“இதென்னடா சின்னப் பசங்க விளையாட்டு” என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார்.

வலது பெருவிரலைத் தொட்டேன். “வலது” என்றார். வலது சுண்டுவிரலைத் தொட்டேன். பதில் இல்லை. நான் காத்திருப்பது தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பதற்றம் வந்தது, புருவம் சுருங்கியது. எனக்கு அந்தப் புருவம் நன்றாகத் தெரிந்த புருவம். இடது பெருவிரல். “இடது.” கொஞ்சம் குரல் ஏறியது.

அடுத்து எதையும் தொடாமல் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“வலது” என்றார் அண்ணன்.